காம்போடு வந்த தேங்காய்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவுதான் அம்மனுக்குக் காப்பு அவிழ்த்தோம். வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. நன்றி சொல்லாமல் இன்னொரு நாளைத் தொடங்க மனம் ஒப்பவில்லை, அதனால் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பர்மாவில் இருக்கும் எங்கள் மாரியம்மன் கோயில் தீப்பிடித்த அந்த இரவைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் கூடவே நின்றீர்கள். வர முடியாதவர்கள் போனில் அழுதுகொண்டே கேட்டீர்கள். புகை வாடை இன்னும் என் சேலைகளில் இருக்கிறது. அது போதும்.

கிணற்றிலிருந்து வாசல் வரை வரிசையாக நின்று வாளி மாற்றிய பிள்ளைகளுக்கு நன்றி. அந்த வரிசையில் தமிழ் எத்தனை, பர்மியம் எத்தனை, கரேன் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. பக்கத்து மடத்துப் பெரிய பிக்கு தங்கள் தர்மசாலையைத் திறந்துவிட்டார். பன்னிரண்டு நாள் எங்கள் வெண்கலப் பாத்திரங்களும் வாகனங்களும் அங்கேதான் பத்திரமாக இருந்தன. யாங்கோனிலிருந்து அரிசி மூட்டை அனுப்பிய உறவுகள், பீலிக்கானிலிருந்து வந்து கொட்டகை போட்டுத் தந்த அண்ணன்மார், கரி படிந்த சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த பெண்கள், கூலி வேண்டாம் என்று சொன்ன தகரக் கூரைக்காரர்... ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லத்தான் ஆசை. பெயர் விட்டுப்போனால் மனம் நோகும் என்பதால் எல்லோரையும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

தீ அணைந்த மூன்றாம் நாள் காலை. மூலவர் கல் என்பதால் கரி படிந்ததோடு தப்பியிருந்தாள். உற்சவ அம்மன் மரம். என் தாத்தா காலத்தில் கப்பலில் வந்தவள். ஒரு கன்னமும் தோளும் கருகிப்போயிருந்தன. அவளை வெள்ளைத் துணியில் சுற்றி, வேப்பமரத்தடியில் பலகை மேல் வைத்திருந்தோம். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பூசாரி அய்யா ஒரு மூலையில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது சந்தைத் தெரு முனையில் பேயாஜோ என்ற பருப்பு வடை சுட்டு விற்கும் அப்வா, நம் பேச்சில் பாட்டி, வந்தார். அவரை உங்களில் பலருக்குத் தெரியும். வயது எண்பதை நெருங்கும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் ஒரு தேங்காய். காம்பு ஒடியாத முழுத் தேங்காய், அதன் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மன் முன்னால் மண்டியிட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கருகிய கன்னத்தையே பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தமீ, அமே பூநேமே" என்றார்.

மகளே, அம்மாவுக்குக் காந்திக்கொண்டே இருக்கும்.

அவ்வளவுதான் சொன்னார். தேங்காயை அம்மன் தலைக்கு மேலே வேப்பங்கிளையில் கட்டச் சொன்னார். கட்டினோம். அந்த மூன்று நாளும் நான் அழவில்லை. அப்போதுதான் அழுதேன்.

இந்த மண்ணில் பிறந்த நமக்கு அந்தத் தேங்காய் புதிதில்லை. பர்மியர் வீடுகளில் தூணில் அது தொங்குவதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். பர்மியர் 'நாட்' என்று கும்பிடும் ஆவித் தெய்வங்களில் வீட்டைக் காப்பவரான மின் மகாகீரிக்கு உரியது அது. கதையும் தெரிந்ததுதான். தகாவுங் ஊரில் ஒரு கொல்லன், பெயர் தின் டே. அவன் பலத்தைக் கண்டு அரசனுக்குப் பயம். அரசன் கொல்லனின் தங்கையை மணந்துகொண்டு, அவளை வைத்தே அண்ணனுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தான். வந்தவனைச் செண்பக மரத்தில் கட்டி எரித்துவிட்டான். தங்கை அண்ணனோடு சேர்ந்து தீயில் குதித்தாள். அரசன் கூந்தலைப் பிடித்து இழுத்தும் முகம் மட்டுமே மிஞ்சியது. அதனால் அவளுக்குப் பொன்முகத்தாள் என்று பெயர். அண்ணனும் தங்கையும் நாட் தெய்வங்களாகி அந்தச் செண்பகத்திலேயே குடியிருந்தார்கள். மரத்தை வெட்டி ஐராவதியில் விட, அது மிதந்து பகானுக்கு வந்தது. அங்கே ஆண்ட அரசன் அதில் இருவருக்கும் உருவம் செதுக்கிப் பொப்பா மலையில் வைத்தான். தீயில் வெந்த அண்ணன் உடம்பு இன்னும் எரிகிறதாம். தேங்காய்த் தண்ணீர் அதைக் குளிர்விக்கும் என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய் கட்டுகிறார்கள்.

அப்வாவுக்கு நம் அம்மன் கதை தெரியாது. வெந்துபோன ஒருத்தியைப் பார்த்தார், வெந்தவர்களுக்குத் தன் வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்.

ஆனால் நமக்கு நம் கதை தெரியுமே! ஆற்று மணலில் குடம் வனைந்து தண்ணீர் கொண்டுவந்த, நாம் மாரியம்மனாகக் கும்பிடும் ரேணுகையைப் பற்றி என் அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள். பரசுராமன் தாயின் தலையை வெட்டிய இடத்தில் காதைப் பொத்திக்கொள்வேன். படவேட்டில் இன்றும் அம்மனைத் தலை வடிவில்தான் கும்பிடுகிறார்கள். அங்கே பொன்முகத்தாள், இங்கே ரேணுகையின் சிரசு. இரண்டு கதையும் சின்ன வயதிலேயே காதில் விழுந்தவைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

அதற்குப் பிறகு வரும் கதைதான் அன்று என்னை உலுக்கியது. கார்த்தவீரியன் பிள்ளைகள் கணவர் ஜமதக்னியைக் கொன்றுபோட, ரேணுகை அவர் சிதையில் ஏறினாள். இந்திரன் மழை பெய்வித்துத் தீயை அணைத்தான். உடம்பெல்லாம் கொப்புளம், கட்டியிருந்த துணி எரிந்துபோனது. வேப்பிலையைப் பறித்துச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சேரிக்குப் போய்ப் பசிக்கிறது என்று நின்றாள். அங்கே இருந்தவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள். அதனால்தான் மாரியம்மனுக்கு இன்றுவரை துள்ளுமாவும் இளநீரும் படைக்கிறோம். அதனால்தான் அம்மை போட்டவர்கள் தலைமாட்டில் வேப்பிலை வைக்கிறோம்.

தீயில் வெந்து வேப்பமரத்தடியில் இருந்தவளுக்கு, நம் சாதியும் இல்லாத, நம் பாஷையும் இல்லாத ஒரு கிழவி தேங்காய்த் தண்ணீர் கொண்டு வந்தார். ஆடி மாதத்துக்கு ஆடி மாதம் கதையாகப் படித்த நாம் யாரும் அதைச் செய்யவில்லை. சுவரையும் கூரையையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மனுக்குக் காந்தும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன், அன்று சாயந்தரம் ஒரு பேச்சு வந்தது. நாட் தேங்காயை அம்மன் தலைக்கு மேல் கட்டலாமா, அது வேறு தெய்வம், வேறு முறை என்று இரண்டு மூன்று பெரியவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் பக்தியால்தான், எனக்கு வருத்தமில்லை. மூன்று நாளாக வாய் திறக்காத பூசாரி அய்யா அப்போதுதான் எழுந்து வந்தார். "வெந்து வந்தவளுக்கு இளநி குடுத்தவங்க யாரு, என்ன முறைன்னு ஆத்தா அன்னைக்குக் கேட்டாளா?" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. மறுநாளே அவர் குளித்து ஈரத்துணியோடு பூசைக்கு நின்றார். எனக்குத் தெரிந்து கோயில் திரும்ப உயிர் பெற்றது அந்தக் காலையில்தான். கூரை எல்லாம் அப்புறம் வந்தது.

அப்வாவிடம் பிறகு ஒரு நாள் நன்றி சொல்லப் போனேன். எண்ணெய்ச் சட்டியை விட்டு நிமிரவே இல்லை. சின்ன வயதில் எங்கள் கோயில் வாசலில் ஆடிக்கு ஆடி கூழ் குடித்திருக்கிறாராம். 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமையாகி, நம் சொந்தங்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிய அந்த வருடம், கூழ் ஊற்ற ஆள் இல்லாமல் வாசல் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்துத் தன் தாயிடம் "அமே எங்கே போய்விட்டாள்?" என்று கேட்டாராம். "எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறாள்" என்றாராம் தாய். இதைச் சொல்லிவிட்டு எனக்கு நான்கு பேயாஜோவை இலையில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இந்த வருடம் தீமிதி வேண்டாம் என்று முடிவெடுத்தது உங்களுக்குத் தெரியும். நேர்ந்துகொண்டவர்கள் மனத்தாங்கலை மறைத்துக்கொண்டு பால்குடம் எடுத்தீர்கள். அதற்கும் நன்றி. நேற்று முதல் குவளைக் கூழ் அப்வாவுக்குத்தான் போனது. வாசலில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு, நிதானமாகக் குடித்தார்.

உற்சவ அம்மனுக்குப் புது மரம் பார்க்க வேண்டும், கருகிய உருவத்தை ஆற்றில் விட வேண்டும் என்று முறை உண்டு. அதை எல்லாம் பெரியவர்கள் கூடிப் பேசட்டும். தேங்காயை மட்டும் இப்போது சன்னிதி உத்தரத்துக்கு மாற்றியிருக்கிறோம். காம்பு உதிர்ந்தாலோ தண்ணீர் வற்றினாலோ அதை மாற்ற வேண்டும் என்று அப்வா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பொறுப்பு இனி என்னுடையது. அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் இருக்கும்வரை அந்த உத்தரம் வெறுமையாக இருக்காது. மாற்றும் நாளில் இரண்டு தேங்காய் வாங்குவேன். ஒன்று சன்னிதிக்கு. இன்னொன்றைச் சிவப்புத் துணி கட்டி, அப்வா வீட்டுத் தூணுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இன்று காலை கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காம்பு இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

கும்பிட்ட கைகளோடு,
கோயில் தெருவிலிருந்து உங்கள் சகோதரி