நடந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் முதியோருக்கு எழுதப்படும் ஆலோசனை எப்போதும் நடைப்பயிற்சியோடு நின்றுவிடுகிறது. நடை நல்லதுதான். பதினோரு ஆண்டுகளாக நானும் நாள் தவறாமல் நடக்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு ஒரு நாள், தரையில் உட்கார்ந்து பேரனுடன் விளையாடிவிட்டு எழப் பார்த்தேன், முடியவில்லை. நாற்காலியைப் பற்றிக்கொண்டு, அதுவும் இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தேன். வலி இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. தொடையில் வலுவே இல்லை!

அன்றைக்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். நடுவயதிலேயே தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதைத் தாண்டினால் வேகமெடுக்கிறது. எடைக் கருவி இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் எண் மாறாதல்லவா? சமதளத்தில் நடப்பது இதயத்துக்கு உதவும். தசையை வளர்க்கும் அளவுக்குத் தொடைக்குச் சுமை தராது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்னும் வரியை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்று அதே வழிகாட்டுதல் சொல்வதை ஏன் விட்டுவிடுகிறோம்? தினம் பத்தாயிரம் அடி என்பதோ 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரால் பரவியது. அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம்!

நான் செய்வது எளியது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவேன். சுவரில் கை வைத்துத் தள்ளுவேன். மேசையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்குவேன். முதல் வாரம் ஐந்து முறைக்கே கால் நடுங்கியது. புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டேன். (சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.) நான்கு மாதம் கழித்து, எதையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்தேன்.

இந்தப் பயிற்சிகளைப் படங்களுடன் தொடராக வெளியிடுங்கள். இரும்புத் தட்டுகளைத் தூக்கும் இளைஞரின் படம் வேண்டாம். எழுபது வயதுக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழும் படத்தைப் பெரிதாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி