ஏ சைடா, பி சைடா?

சென்னை
ஞாயிறு மதியம்

டேய் ரகு,

உன் பிறந்தநாளுக்கு வாழ்த்தும் சொல்லவில்லை, உன் பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்திக்குப் பதிலும் போடவில்லை. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாகத் திட்டிவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அம்மா உன்னை விசாரித்தாள், வழக்கம்போல உன் பெயரை மாற்றித்தான்.

விஷயம் வேறு. வாசுவைப் பார்த்தேன்.

சூளைமேட்டில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறான். மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறானாம். சும்மா போய் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியமில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன், நம் டிடிகே கேசட்டில் ஏ சைடு பெரிதா, பி சைடு பெரிதா என்ற பழைய வழக்கை இன்றைக்காவது முடிக்கலாம் என்று.

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ரெண்டு ஆல்பம். ஏ சைடில் 1973இன் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 43 நிமிஷம், பி சைடில் 1975இன் ‘விஷ் யூ வேர் ஹியர்’ 44 நிமிஷம். 90 நிமிஷ டேப்பில் பக்கத்துக்கு ஒன்று, ஒரு ஸ்வரம்கூட அறுபடாமல். பிங்க் ஃபிளாய்டே பர்மா பஜாரை மனதில் வைத்துத்தான் வாசித்தார்கள் என்பான் வாசு.

நீ ஏ சைடு கட்சி. வட்டிக்கணக்கு பார்க்கிறவனுக்கு ‘மனி’ பிடிக்காமல் வேறெது பிடிக்கும்? சரி, செய்நேர்த்தியில் ஏ சைடுதான் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆபி ரோடு ஸ்டுடியோ, ஆலன் பார்சன்ஸ் ஒலிப்பதிவு. ‘மனி’ பாட்டில் கல்லாப்பெட்டிச் சத்தத்தை டேப்பில் வெட்டி ஒட்டி ஏழு எண்ணிக்கையில் சுற்றவிட்டிருக்கிறார்கள் (மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த நமக்கு இதிலென்ன கஷ்டம்?). கிட்டார் சோலோ வந்ததும் நாலுக்குத் தாவுவார்கள். ஒரு வார்த்தையும் இல்லாமல் தொண்டையாலேயே ஒரு முழுப் பாட்டைத் தூக்கி நிறுத்திய பாடகி க்ளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. வழக்குப் போட்ட பிறகு, 2005இல்தான் சமரசமாகி, பாட்டை இயற்றியவர்களில் அவள் பெயரையும் சேர்த்தார்கள். உன் கட்சியின் லட்சணம் அது.

ஆனால் காலம், காசு, சாவு, பைத்தியம் என்று எல்லாருக்குமான சமாச்சாரத்தைப் பேசுகிற ஆல்பம் அது. பி சைடு ஒரே ஒருத்தனுக்கானது. குழுவை ஆரம்பித்து, மனம் கலங்கி, வெளியேற நேர்ந்த சிட் பாரெட்டுக்கு. ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ தொடங்கி எட்டரை நிமிஷம் கழித்துத்தான் குரலே வரும். மாமியாருக்குப் போட்டுக் காட்டினேன். மார்கழி முழுக்க சபாவில் இருப்பவள். “ஆலாபனை சுத்தமா இருக்கு மாப்பிள்ளை, கிருதி எப்போ?” என்றாள்.

1975 ஜூன் 5ஆம் தேதி, அதே ஸ்டுடியோவுக்குள் பாரெட்டே வந்து நின்றான். உடம்பு பருத்து, தலையும் புருவமும் மழித்து. கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இது தெரிந்ததிலிருந்து எனக்கு பி சைடுதான். வாசு விஷயத்துக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம்.

அதனால் அவனுக்கும் அதையே போட்டேன். குழுவின் கிட்டார்க்காரர் கில்மரின் அந்த நாலு ஸ்வரம் வந்ததும் கையை உயர்த்திவிட்டான். “இது வேணாம்டா. நான் ரூமை விட்டுப் போனப்புறம் நீங்கல்லாம் என்னப் பத்திப் பேசிக்கிற மாதிரி இருக்கு. ஏ சைடு போடு.”

எனக்குப் பேச்சே வரவில்லை ரகு. பாரெட் 2006 வரை உயிரோடு இருந்தான்டா. முப்பத்தோரு வருஷம் ஒருவன் இருக்கும்போதே, இல்லாதவனுக்குப் பாடுவதுபோல் உலகம் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். விட்டவர்களுக்கு அது ஆறுதல். விடப்பட்டவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஏ சைடு முழுக்கக் கேட்டோம். ‘பிரெயின் டேமேஜ்’ வந்தது. அதுவும் பாரெட்டை நினைத்து, அதே குழுவின் வாட்டர்ஸ் எழுதியதுதான். ஆனால் அதில் புல்வெளியில் இருக்கும் பைத்தியம் கூடத்துக்கு வந்து, கடைசியில் பாடுகிறவன் தலைக்குள்ளேயே புகுந்துவிடும். நீ அங்கே, நான் இங்கே என்ற பேச்சே இல்லை. நடுவில் அவர்களுடைய ரோடு மேனேஜர் பீட்டர் வாட்ஸின் சிரிப்பு வருமே, கேன்டீனில் வாசு சிரித்துக் காட்டி நாம் அடி வாங்கினோமே, அதைச் சிரித்தான். அப்படியே. அக்கா பதறிப்போய் மாடிக்கு ஓடி வந்தாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆக, என் ஓட்டு ஏ சைடுக்கு. குதிக்காதே, உன் ‘மனி’க்காக இல்லை. தனியாக இருக்கும்போது இன்னும் பி சைடுதான் கேட்பேன். வாசு பக்கத்தில் இருக்கும்போது போட முடிந்தது எது என்பதை வைத்துத்தான் தீர்ப்பு.

டிசம்பரில் வருகிறாய்தானே? அவன் கிட்டாரில் ரெண்டு கம்பி அறுந்து கிடக்கிறது. அவனாகவே ஒரு செட் கேட்டான். இங்கே வாங்கிவிடலாம், ஆனால் ரகு வாங்கி வருகிறான் என்று சொல்லிவைத்துவிட்டேன். மறக்காதே. போன தடவை மாதிரி சாக்லேட்டோடு வந்து நிற்காதே, எனக்குச் சர்க்கரை.

உன்
சீனு