உய்யக்கொண்டானுக்கு ஒரு டிக்கெட்

திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு மழை ஆரம்பித்ததிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டால் போயிற்று, இந்த மனுஷன் எதற்கு நாலு பக்கம் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் உனக்கு ஒரு வார்த்தை வராமல் நின்றால், இந்தப் பக்கம் எனக்குச் சத்தமே கேட்காது. உடனே "ஹலோ, ஹலோ, லைன் இருக்கா?" என்று கத்துவேன். லைன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியும். இருந்தும் கத்துவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தேன். நீ "குட்டியும்..." என்று ஆரம்பித்து நின்றாய். நான் இரண்டு தடவை ஹலோ சொன்னேன். "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாய். மறுநாள் மருமகள் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. மூன்று வாரமாகப் பேரன் முதல் எழுத்திலேயே தட்டித் தட்டி நிற்கிறானாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா படுத்த பிறகு டிவியைப் போட்டு அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். 'தி கிங்ஸ் ஸ்பீச்'. பேச்சு திக்கும் இங்கிலாந்து ராஜா ஒருவரின் கதை. 2011-ல் நீ காலேஜ் விடுமுறைக்கு வந்தபோது லேப்டாப்பை என் மடியிலேயே வைத்து, "இந்த ஒரு படம் மட்டும் என்கூட உக்காந்து பாருங்கப்பா" என்றாயே, அதேதான். பத்து நிமிஷத்தில் நான் எழுந்துவிட்டேன். "இங்கிலீஷ் ஒண்ணும் புரியலடா, ஒரு பார்ட்டியைப் பார்க்கணும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். புரியாமல் இல்லை. ஆரம்பக் காட்சியே எனக்குப் போதுமாகிவிட்டது. 1925, வெம்ப்ளி மைதானம், அத்தனை ஜனம், எதிரே மைக். பிற்பாடு ராஜாவாகிற அந்த இளவரசனுக்குத் தொண்டை அடைக்கிறது. பேச்சு வரவில்லை. பக்கத்தில் நிற்கும் அவன் மனைவியின் கண் நிறைகிறது. உன் அம்மாவின் முகம் அது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் உன்னை இரண்டு வரி நன்றியுரை சொல்ல ஏற்றிவிட்டார்களே, அன்று அம்மா அப்படித்தான் இருந்தாள். நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை முழுதாகப் பார்த்தேன். எல்லோரும் ராஜாவைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. என் கண் அவன் அப்பன் மேலேயே இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ், ரேடியோவில் கணீரென்று பேசுகிற ஆள். பிள்ளையை மைக் முன்னால் உட்காரவைத்து, வார்த்தை வராதபோது சொல்லு சொல்லு என்று அதட்டுகிறார். அதட்டினால் வந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். எல்ஐசி ஏஜென்ட் என்றால் சும்மாவா? வாய்தான் நம் வீட்டுக்குச் சோறு போட்டது. காலையில் கதவைத் தட்டினால் சாயங்காலத்துக்குள் இரண்டு பாலிசி பிடிப்பேன். என் பிள்ளைக்கு 'ப' வரவில்லை என்றால் அது பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அந்த 'ப'வை உன் பெயரிலேயே வைத்ததும் நான்தான். வயலூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு பாலமுருகன் என்று வைத்தோம். திக்கல் உள்ளவர்களுக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு என்பார்கள். தோசை வரவில்லை என்றால் இட்லி என்று சொல்லித் தப்பிக்கலாம், பெயருக்கு மாற்று ஏது? நீ அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தாய். உன் சிநேகிதர்கள் வீட்டுக்குப் போன் செய்து "முருகன் இருக்கானா?" என்று கேட்பார்கள். ராங் நம்பர் என்று எத்தனை தடவை வைத்திருக்கிறேன்! வகுப்பில் அத்தனை பேரும் "பிரசென்ட் சார்" என்னும்போது நீ மட்டும் "உள்ளேன் ஐயா" என்றதும் இதனால்தான். உன் தமிழய்யா அதைத் தமிழ்ப்பற்று என்று நினைத்து என்னிடம் கையைப் பிடித்துப் பாராட்டினார். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

படத்தில் அண்ணன்காரன் ராஜாவின் செல்லப்பெயரைத் திக்கிச் சொல்லி "பெ-பெ-பெர்ட்டி" என்று கேலி செய்யும் இடம் வந்தது. அங்கேயும் அதே எழுத்து. 2015-ல் மலையாளத்தில் ஜெயசூர்யா நடித்த 'சு சு சுதி வாத்மீகம்' என்ற படத்தைப் பற்றி நீதான் சொன்னாய். தலைப்பே திக்கும், அதுவும் அந்தக் கதாநாயகனின் பெயரிலேயே. எடுத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

நம் ஊர்ப் படங்களில் நான் பார்த்த திக்குவாய் எல்லாம் காமெடிக்குத்தான். ஒரு தீபாவளிக்குக் கலையரங்கத்தில் நாலு பேருமாகப் படம் பார்த்தோம், மாமாவும் வந்திருந்தார். அப்படி ஒரு ஆள் திரையில் வந்து ஒரே வார்த்தையில் சிக்கி நின்றான். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் உன் சீட் காலி. பாத்ரூம் என்று போனவன் இடைவேளை வரை வரவில்லை. வெளியே வந்து தேடினால் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். "படம் போரடிக்குதுப்பா" என்றாய், ஒரு எழுத்துகூடத் தட்டாமல். ஒருவேளை அந்த வாக்கியத்தை நீ அங்கே நின்று ஒத்திகை பார்த்திருக்கலாம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியார் பஸ்ஸில் வருவாய். புத்தூர் நாலு ரோடு இறங்க வேண்டும். தினமும் எட்டணா குறைகிறது என்று கணக்குக் கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. தேன்மிட்டாய் வாங்கித் தின்கிறாய் என்று முடிவு செய்து கை நீட்டிவிட்டேன். பிறகு ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அம்மா டிக்கெட்டுகளைப் பார்த்தாள். ஏழெட்டு இருக்கும். எல்லாம் அடுத்த ஸ்டேஜுக்கு எடுத்தவை. உய்யக்கொண்டானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் புத்தூரில் இறங்கியிருக்கிறாய். கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு அவசரப்படுத்தும்போது 'பு' வராது, 'உ' வரும். அந்த 'உ'வுக்குத்தான் தினம் எட்டணா கொடுத்தாய். அம்மா டிக்கெட்டுகளை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு ரூபாய் கூடக் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது கேட்கிறேன். தப்புடா தம்பி.

அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. கடைசியில் 1939 செப்டம்பர் 3, யுத்தம் அறிவித்தாயிற்று, ராஜா ரேடியோவில் பேசுகிறார். அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த லோக் எதிரே நின்று கையசைத்துப் பேச வைக்கிறார். தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. எனக்கும் கண்ணில் தண்ணீர்தான், மறைப்பானேன். ஆனால் ராஜா நிறுத்தி நிறுத்திப் பேசினால் ஊர் காத்திருக்கும். நம் கண்டக்டர் காத்திருப்பாரா? ரயில்வே கவுன்டரில் உனக்குப் பின்னால் நிற்கிறவன் காத்திருப்பானா? அதுவும் போகட்டும், பெத்த அப்பனே காத்திருக்கவில்லையே.

ஆனால் எழுதிய ஆள் அனுபவித்தவர் என்பது தெரிகிறது. டேவிட் சைட்லர். சின்ன வயதில் அவருக்கும் திக்கல். யுத்தக் காலத்தில் அந்த ராஜாவின் ரேடியோ பேச்சுகளைக் கேட்கச் சொல்லி அவர் அப்பா அம்மா உற்சாகப்படுத்தினார்களாம். பிற்பாடு கதை எழுத அனுமதி கேட்டு ராஜாவின் மனைவிக்கு எழுதினால், என் காலத்துக்குப் பிறகு எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்த அம்மாளோ 101 வயது வரை இருந்து 2002-ல்தான் போய்ச் சேர்ந்தார். மனுஷன் அதுவரை காத்திருந்து, 73 வயதில் ஆஸ்கர் வாங்கினார். பேச்சு முடிந்ததும் ஒரு எழுத்தில் இன்னும் திக்குகிறதே என்று லோக் சொல்ல, பேசியது நான்தான் என்று ஜனத்துக்குத் தெரிய வேண்டாமா என்று ராஜா திருப்பிக் கேட்பார். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். கேரள முதலமைச்சராக இருந்த நம்பூதிரிபாடிடம் யாரோ, எப்போதும் திக்குமா என்று கேட்டதற்கு, இல்லை, பேசும்போது மட்டும்தான் என்றாராமே. அதே குசும்பு.

ராஜாவைப் பாட்டாகப் பாடச் சொல்லும் காட்சி வந்ததும் திருக்கோலக்கா நினைவு வந்தது. உனக்கு ஆறு வயது. குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து திருச்செந்தூரில் பாடவில்லையா என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். சம்பந்தருக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஓசை தந்த அம்மன் சீர்காழியில் இருக்கிறாள், ஓசை கொடுத்த நாயகி, அங்கே போனால் சரியாகும் என்று கூட்டிப் போனோம். சன்னதியில் நீ அம்மாவோடு சேர்ந்து தேவாரம் பாடினாய். ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. அம்மா அழுதுவிட்டாள். பாடும்போது பொதுவாக யாருக்குமே திக்காது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மாயவரம் ஸ்டேஷனில் நீ தண்ணி கேட்க வந்து 'த'வில் நின்றாய். வரும் வழி முழுக்க அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். உன் பாட்டி நாக்கில் தேய்த்த வசம்பைப் பற்றி எழுதினால் இன்னும் இரண்டு பக்கம் போகும், விடு.

இப்போது குட்டிக்கு வருவோம். இது பரம்பரையாக வரக்கூடியது என்பதால் நீ மனசுக்குள் குமைந்துகொண்டிருப்பாய். வேண்டாம். இரண்டு வயதுக்கும் ஐந்துக்கும் நடுவில் நூற்றில் ஐந்து பிள்ளைகளுக்காவது இது வந்துபோகும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் பையன், குடும்பத்தில் வேறு இருக்கிறது என்பதால், பார்க்கலாம் பார்க்கலாம் என்று என்னைப் போல் தள்ளிப்போடாமல் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டிவிடு. உன்னை நாங்கள் கூட்டிப் போனபோது உனக்குப் பதினாலு வயது.

நீ இருக்கும் லண்டனிலேயே மைக்கேல் பாலின் என்ற நடிகர் பெயரில் திக்கும் குழந்தைகளுக்கென்று ஒரு மையம் 1993 முதல் இருக்கிறது. அந்த நடிகர் 1988-ல் ஒரு சிரிப்புப் படத்தில் திக்குவாய்க்காரனாக நடித்தவர். அதில் வில்லன் அவரைக் கேலி செய்து, மூக்கில் பிரெஞ்ச் ஃப்ரைஸைச் செருகுவான். திக்கல் உள்ளவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பாலினின் அப்பாவே வாழ்நாள் முழுக்கத் திக்கியவர், வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லையாம். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் தெரபிஸ்ட் பெண் அன்று எனக்கும் வேலை கொடுத்தாள், உனக்குத் தெரியாது. மெதுவாப் பேசு, மூச்சை இழுத்துவிடு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள் என்றாள். அவன் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். தினம் ஐந்தே ஐந்து நிமிஷம் அவனோடு உட்காருங்கள், திருத்த வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். மூன்று நாள் செய்தேன். அப்புறம் மார்ச் வந்துவிட்டது. வரி மிச்சம் பிடிக்க ஜனங்கள் பாலிசி போடுகிற மாசம், விட முடியுமா? ஏப்ரலில் மறந்தே போனேன். அந்த ஐந்து நிமிஷத்தை நீ குட்டிக்குக் கொடு.

மருமகள் ஒன்று கேட்டாள். 'தாத்தா' என்றாலே அவன் முதல் எழுத்தில் நின்றுவிடுகிறானாம், சுலபமாக வேறு பெயர் ஏதாவது சொல்லிக் கொடுக்கட்டுமா மாமா என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். வேண்டாம் என்று சொல். தாத்தா என்றே கூப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் ராத்திரி ஏழு மணிக்கு அவனைப் போன் முன்னால் உட்கார வை. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், நான் ஹலோ சொல்ல மாட்டேன். பாலிசி பிடிப்பதை விட்டு நாலு வருஷம் ஆகிறது, எனக்கு வேறு என்ன வேலை?

அன்புடன்,
அப்பா