கடலோரக் கோயில் திருப்பணிக் குழுக்களுக்கு: சாண்ட் பிளாஸ்டிங் வேணாம், காகிதக்கூழ் பத்து போடுங்க

திருப்பணிக் குழுப் பெரியவங்களுக்கும் உபயதாரர்களுக்கும் ஸ்தபதியாருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கிறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட்ல முதல் வரியா சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காத்தழுத்தத்துல மணலைப் பீய்ச்சி அடிச்சு கல்லைச் சுத்தம் பண்றது, வந்து உக்காந்துடுது. ஒரே வாரத்துல கல்லு வெள்ளையாகிடும், படம் எடுத்தா பளிச்சுனு இருக்கும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அந்த மணல் அழுக்கை மட்டும் தேடிப்போய் அடிக்கிறதில்ல, கல்வெட்டு எழுத்தோட விளிம்பு, சிலையோட மூக்கு, விரல் நகம், பழைய சிற்பி இழைச்சு விட்ட மேல்தோல் எல்லாத்தையும் சேர்த்துத்தான் உரிக்குது, உரிஞ்ச கல்லு சொரசொரன்னு ஆகி அடுத்த வருஷமே எண்ணெயும் தூசியும் இன்னும் வேகமா பிடிக்குது.

கடலோரத்துல இதைவிட பெரிய பிரச்சினை, கல்லுக்குள்ள இருக்குற உப்பு. மழைக்காலத்துல காத்துல ஈரம் ஏறும்போது உப்பு கரைஞ்சு கல்லோட நுண்துளைக்குள்ள போகுது, காத்து காயும்போது உள்ளயே திரும்ப படிகமாகுது. சாதாரண சாப்பாட்டு உப்புக்கு ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா கரைசல், கீழ வந்தா படிகம். நம்ம கடற்கரையில இந்த 75 சதவீத அளவை காத்து அடிக்கடி மேலயும் கீழயும் தாண்டிக்கிட்டே இருக்கு. படிகம் வளரும்போது உள்ளேர்ந்து நெம்புது, கல்லு பொருக்கு பொருக்கா உதிருது. மணலடிச்சா மேல பூத்த உப்பு போகும், உள்ள இருக்குறது அப்படியே இருக்கும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல இந்திய தொல்லியல் துறையோட வேதியியல் பிரிவுக்காரங்க என்ன பண்றாங்கன்னு ஒருதடவை போய்க் கேளுங்க. ராஜசிம்ம பல்லவன் கட்டினது, 1984லேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம், அலைக்குப் பக்கத்துலயே நிக்குது. அங்க காகிதக்கூழைக் கல்லு மேல அப்பி உப்பை இழுக்குறாங்க, அதுவும் ஒருதடவையோட நிறுத்தாம, காலம் விட்டு காலம் திரும்பத் திரும்ப. கட்டிக்கு பத்து போட்டு சீழை இழுக்குற அதே சங்கதிதான்.

செய்முறை பெரிய ரகசியமில்ல, பொறுமைதான் வேணும். மை இல்லாத சுத்தமான காகிதத்தை (வடிகட்டி காகிதம் மாதிரி, பழைய பேப்பர் கூடவே கூடாது) காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறவெச்சு கூழாக்கி, கல்லை முதல்ல ஈரமாக்கிட்டு, ஒரு சென்டிமீட்டர் ரெண்டு சென்டிமீட்டர் கனத்துல காத்துக் குமிழி இல்லாம அழுத்தி அப்பணும். கூழ்ல இருக்குற தண்ணி கல்லுக்குள்ள போய் உப்பைக் கரைக்கும், அப்புறம் கூழ் வழியா ஆவியாகும்போது கரைசல் வெளிய வந்து உப்பு கூழ்ல தங்கிடும். உச்சி வெயில்ல போட்டா மேல சட்டுனு காஞ்சு கூழ் கல்லைவிட்டுப் பிரிஞ்சுடும், பிரிஞ்ச இடத்துல உப்பு கல்லுலயே நின்னுடும், அதனால கீத்தோ பந்தலோ போட்டு நிதானமா காயவிடணும். பொருக்கு விட்ட இடத்துலயும் பழைய வண்ணம் இருக்குற இடத்துலயும் நேரா அப்பாதீங்க, நடுவுல மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்டணும், அங்கல்லாம் பயிற்சி உள்ள கெமிஸ்ட் பக்கத்துல நிக்காம ஒருத்தரும் கை வைக்க வேணாம்.

தயவுசெஞ்சு கோயில் போர்வெல் தண்ணியை எடுத்துடாதீங்க. கடலோரத்துல அதுவே உப்புத்தண்ணி, அதுல கூழ் கரைச்சா நாமளே கல்லுக்கு உப்பு ஊட்டின கதைதான்.

வேலை நடந்துச்சா ஏமாத்தினாங்களான்னு நீங்களே பாத்துக்கலாம். எடுத்த கூழை அளந்த அளவு சுத்தத் தண்ணியில போட்டு, வீட்டு ஆர்.ஓ.வுக்கு வெச்சிருக்கோமே, தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற அந்த டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்க. அதே அளவு புதுக்கூழ் தண்ணியோட ஒப்பிட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் நோட்டுல எழுதுங்க. எண்ணு இறங்கிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நின்னா நிறுத்திக்கலாம். பில்லுக்கு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த நோட்டைக் கேளுங்க.

ஒண்ணு மறைக்காம சொல்லிடணும், உப்பு வர்ற வழியை அடைக்காம பத்து மட்டும் போட்டா காசு வீண். மதிலடியில தேங்குற தண்ணி, கல் இடுக்குல பூசின சிமெண்ட், கருவறைச் சுவருக்குப் பின்னாடி கட்டின புது பாத்ரூம் (ஆமா, கட்டியிருக்காங்க) இதையெல்லாம் முதல்ல சரிபண்ணணும். சிமெண்டைப் பதமா எடுத்துட்டு சுண்ணாம்புச் சாந்துக்கு மாறுங்க, ஈரம் கல்லுக்குப் பதிலா இடுக்கு வழியா வெளிய போகட்டும். நேர்த்திக்கடன்னு கல்லுத் தரையிலயே உப்பு கொட்டுற இடத்துல ஒரு பெரிய தொட்டி வெச்சா போதும், பக்தர் மனசும் நோகாது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு இந்தப் பத்து ஆகாது, அது வேற வைத்தியம், கெமிஸ்ட்டைக் கேட்டுக்கோங்க.

நான் கேக்குறது இவ்ளோதான்: டெண்டர்லேர்ந்து சாண்ட் பிளாஸ்டிங் வரியை அடிச்சுட்டு, கண்ணுல அதிகம் படாத ஒரு தூண்ல மட்டும் பங்குனி வாக்குல சோதனையா பத்து போட்டுப் பாருங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஆரம்பிக்காதீங்க, காயவே காயாது. சோதனை முடியுற வரைக்கும் கும்பாபிஷேகத் தேதியை பத்திரிகையில அடிக்காம இருந்தா ரொம்பப் புண்ணியம்.

இப்படிக்கு,
உங்க ஊர் பக்தன் ஒருத்தன்