அசட்டுத் துப்பறிவாளரின் மிடுக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். நகைச்சுவைத் திரைப்படங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். அசட்டுத் துப்பறிவாளர் படங்களுக்கு அதில் ஒரே ஒரு பத்தியை ஒதுக்கிய கட்டுரையாளர், நம்மைவிட மடையன் ஒருவன் தடுக்கி விழுவதைப் பார்க்கையில் நமக்கு உண்டாகும் மேட்டிமை உணர்வே இப்படங்களின் கவர்ச்சி என்று முடித்துவிட்டார். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. தடுக்கி விழுபவர்களுக்குத் திரையில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அவர்களுள் 'பிங்க் பேந்தர்' படங்களின் அசட்டுத் துப்பறிவாளரான இன்ஸ்பெக்டர் க்ளூஸோவை மட்டும் இத்தனை காலமாக ஏன் மறக்காமல் இருக்கிறோம் என்பதற்கு அப்பத்தியில் விடை இல்லை.

பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கி 1963-இல் வெளிவந்த 'தி பிங்க் பேந்தர்' படத்தில் க்ளூஸோ அறிமுகமாகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தேடப்படும் பெண்ணைப் பிடித்தே ஆகவேண்டும் என்று வீறாப்பாகப் பேசிக்கொண்டே அலுவலகத்தில் இருக்கும் பெரிய உலக உருண்டையைச் சுழற்றிவிடுகிறார். அது நிற்பதற்குள் அதன்மேல் கம்பீரமாகக் கையை ஊன்றுகிறார். மறுகணம் தரையில் கிடக்கிறார். யார் விழுந்தாலும் ஒரு சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் க்ளூஸோவாக நடித்த பீட்டர் செல்லர்ஸின் தனித்திறமை விழுவதில் இல்லை, எழுவதில் இருக்கிறது. வெட்கமோ கோபமோ இன்றி, இதுவும் விசாரணையின் ஒரு பகுதிதான் என்பதுபோல அவர் தம் மிடுக்கைத் திரும்ப எடுத்து அணிந்துகொள்ளும்போது வருகிற இரண்டாவது சிரிப்பில் ஏளனத்தைவிடப் பிரியமே மிகுதி. அப்படத்தின் முடிவில் திருடன் என்ற பழி அவர்மீதே விழுகிறது. சிறைக்குப் போகும் வழியில், அத்தனை திருட்டுகளையும் எப்படிச் செய்தீர்கள் என்று காவலர்கள் வியந்து கேட்க, அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை என்று பெருமையோடு பதில் சொல்கிறார். செய்யாத குற்றத்தைக்கூடத் தம் சாதனையாக ஏற்றுக்கொள்ளும் மனிதரைப் பார்த்து நாம் எப்படி மேட்டிமை கொள்வது?

அடுத்த ஆண்டே வந்த 'எ ஷாட் இன் தி டார்க்' இன்னும் வலுவான சான்று. மூல மேடை நாடகத்தில் க்ளூஸோ என்ற பாத்திரமே கிடையாது. திரைக்காகப் பின்னால் நுழைக்கப்பட்டவர் அவர். படத்தில் வரும் கொலை வழக்கின் சாட்சியங்கள் அனைத்தும் ஒரு பணிப்பெண்ணையே குற்றவாளியாகக் காட்டுகின்றன. அறிவுள்ள எந்த அதிகாரியும் அவளைச் சிறையில் அடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். அவள்மீது மையல் கொண்ட க்ளூஸோவோ அவளைத் திரும்பத் திரும்ப விடுதலை செய்கிறார். ஒவ்வொரு விடுதலைக்குப் பின்னும் புதிதாக ஒரு பிணம் விழுகிறது. கடைசியில், அவள் குற்றமற்றவள் என்று அவர் சொன்னதே சரியாகிவிடுகிறது. இதைக் கண்டு பித்துப் பிடித்தவராகிறார் மேலதிகாரி டிரேஃபஸ். ஹெர்பர்ட் லோம் நடித்த இந்தப் பாத்திரத்தைக் கட்டுரையாளர் குறிப்பிடாதது பெரிய குறை. இமை துடிக்க, சுருட்டு வெட்டும் கருவியில் தம் கட்டைவிரலையே பறிகொடுக்கும் அவர்தான் படத்தின் ஒரே பகுத்தறிவாளர். தப்பான வழியில் போகிறவன் சரியான இடத்தைச் சேர்ந்துவிடுவதைப் பொறுக்கமாட்டாத அந்த ஆத்திரம் நம் எல்லாரிடமும் உண்டு என்பதால், மேட்டிமை உணர்வோடு படம் பார்க்கிறவர் உண்மையில் டிரேஃபஸின் நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியும் அன்று. எழுத்தாளர் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவை, அதிர்ஷ்டம் கைகொடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் கைதட்டித்தானே வரவேற்றோம்!

இப்படங்கள் எடுபடவேண்டுமானால், தாம் நகைச்சுவைப் படத்தில் இருப்பது அதிலுள்ள ஒருவருக்கும் தெரியக்கூடாது. 1988-இல் 'தி நேக்கட் கன்' படத்தில் ஃபிராங்க் டிரெபினாக நடித்த லெஸ்லி நீல்சன், அதற்கு முன் நெடுங்காலம் கண்டிப்பான, இறுக்கமான முகத்தோடு கூடிய வேடங்களையே பெரும்பாலும் ஏற்றவர். அதே முகத்தை அவர் மாற்றாமல் வைத்துக்கொண்டதே அப்படத்தின் பலம். பிற்காலப் போலிகள் பலவற்றில் நாயகன் விழுந்ததும் கேமராவைப் பார்த்து நம்மிடம் சிரிப்பை யாசிக்கிறான். அங்கே கட்டுரையாளரின் விளக்கம் பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை.

இவ்வகைப் படங்களின் முன்னோடிகளுள் ஒன்றான பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. 1924-இல் வந்த அந்த ஊமைப்படத்தில், திரையரங்கில் படம் ஓட்டும் இளைஞன் உறங்கிப்போய்த் தன்னை மாபெரும் துப்பறிவாளனாகக் கனவு காண்கிறான். அந்த நேரத்தில் அவன் காதலி அடகுக்கடைக்குப் போய் இரண்டு கேள்வி கேட்டு உண்மைத் திருடனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அப்படத்துக்கென்றே தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்