சிவப்பு அட்டை மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

கால்பந்தில் ஒரு வீரர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டு, மீதிப் பத்துப் பேரோடு ஆடிய அணி தோற்றால், மறுநாள் செய்தியில் 'சிவப்பு அட்டையே காரணம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

2002 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 57-வது நிமிடத்தில் பிரேசிலின் ரொனால்டினோ வெளியேற்றப்பட்டார். அப்போது பிரேசில் 2-1 என முன்னிலை. அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓர் ஆள் கூடுதலாக இருந்தும் இங்கிலாந்தால் ஒரு கோல் போட முடியவில்லை. பிரேசில் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்தது.

ஐரோப்பியக் கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2010 அரையிறுதி இன்னும் சுவையானது. அது இரண்டு ஆட்டங்கள் கொண்டது; இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. இரண்டாவது ஆட்டத்தில், பார்சிலோனா மைதானத்தில் இன்டர் மிலானின் தியாகோ மோட்டா 28-வது நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டார். இன்டரின் பயிற்சியாளர் மொரின்யோ பதறவில்லை. முன்கள வீரர் எட்டோ, தன் கோல் பகுதிக்கருகே ஓடி ஓடி எதிரணியைத் தடுத்துக்கொண்டிருந்தார். கோல் அடிப்பதற்கென்றே பிறந்தவரைப் போன்ற ஒருவரை அந்த வேலைக்கு இணங்க வைத்தாரே, அதுதான் வித்தை! அன்று 1-0 எனத் தோற்றாலும், முதல் ஆட்டத்தை 3-1 என வென்றிருந்ததால் இறுதிப் போட்டிக்குப் போனது இன்டர்.

அட்டை காட்டப்பட்ட அடுத்த ஐந்து நிமிடங்களில் பயிற்சியாளர் யாரை மாற்றினார், மைதானத்தின் எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்தார் என்பதையும் உங்கள் நிருபர்கள் எழுதலாமே. நடுவரைத் திட்டுவதற்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்