ரெகுலேற்றரைக் குளிரவைத்த கைகளுக்கு

அன்புடையீர்,

ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் பூட்டிய இலகு விமானத்துக்கு ரெகுலேற்றர் தாங்கு தகடும் காற்றுக் குழாயும் செய்து முடிந்தன. விமானச் சாமான் கடை இல்லாத ஊரில், வாகனத்துக்கும் வள்ளத்துக்கும் வேலை செய்கிற கைகளே இதைச் செய்து தந்தன. யார் எதைச் செய்தீர்கள், அது ஏன் முக்கியம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

உள்ளங்கை அளவான ரெகுலேற்றர் பெட்டி, எஞ்சினிலுள்ள ஜெனரேற்றரின் ஆடலோட்டத்தைச் சுமார் 14 வோல்ட் நேரோட்டமாக்குகிறது. ஜெனரேற்றர் 250 வாற்று. முழுச் சுமையில் ஏறக்குறைய 18 அம்பியர். உள்ளே இருக்கும் டயோட்டுகளில் 2 வோல்ட் அளவு விழுந்தாலே 36 வாற்று சூடாகிவிடும். பெட்டியின் வெப்பநிலை 80 பாகையைத் தாண்டக்கூடாது. கௌலிங்குக்குள் (எஞ்சினை மூடும் உறைக்குள்) 55 பாகை என்று வைத்தால் மிஞ்சுவது 25 பாகைதான். அசையாத காற்றில் பெட்டியின் உலோகச் செட்டைகள் மட்டும் அதைச் சமாளிக்கா. அடிப்பக்கத்தால் சூடு இறங்கியே ஆகவேண்டும்.

கொக்குவில் பட்டறைக்காரருக்கு முதல் நன்றி. எஞ்சினுக்கும் விமானி இருக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள ஃபயர்வோல் தகட்டில் நேரே முடுக்கினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அது அரை மில்லிமீற்றர்கூட இல்லாத துருப்பிடியா உருக்கு. அலுமினியத்தில் பத்திலொரு பங்கு அளவுதான் சூட்டைக் கடத்தும். ஆகவே 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு, 200க்கு 150. முதல் தகட்டை நீங்களே கழித்துப் போட்டீர்கள். துளையின் விளிம்பில் பிசிறு எழும்பி நின்றது. அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தபோது மயிரிழை இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளியில் நிற்கிற காற்று போர்வைக்குச் சமம். பசையை அள்ளிப் பூசி அதை மறைக்க ஏலாது. வெப்பப் பசை மெல்லிய பூச்சாக இருந்தால்தான் உதவும், தடித்தால் அதுவே தடை. நைலோன் பூட்டு நட்டுகளை நீக்கி முழு உலோக நட்டுகளைத் தேடித் தந்ததும் நீங்கள்தான். நைலோன் 120 பாகைக்கு மேல் நம்பிக்கைக்குரியதல்ல.

ஸ்ரான்லி வீதி மின்திருத்துநரே, உங்கள் கண் கூர்மையானது. ரெகுலேற்றர் எரிந்தது என்று கொண்டுவருபவற்றில் எரிந்திருப்பது பெரும்பாலும் செருகியே: தளர்ந்த G முனை (ஜெனரேற்றர் வயர் சேரும் இடம்), பழுப்பேறிய பிளாஸ்ரிக், நிறம் மாறிய பித்தளை. ஒவ்வொரு கிறிம்பையும் (வயர் முனையில் நசுக்கிய இணைப்பையும்) இழுத்துப் பார்த்தீர்கள். பற்றரி வோல்ட்டை ரெகுலேற்றருக்குக் காட்டும் C வயரில் சுவிட்சின் தடை கூடினால் ரெகுலேற்றர் பற்றரி இறங்கிவிட்டதென்று ஏமாந்து வோல்ட்டைக் கூட்டும், பற்றரி கொதிக்கும் என்று விளக்கியதும் நீங்களே. 22,000 மைக்ரோஃபரட், 25 வோல்ட் கொண்டென்சரைத் தகட்டிலிருந்து தள்ளிப் பூட்டியது சரியான முடிவு. 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு.

குருநகர் வள்ளத் திருத்துநருக்கும் ஃபைபர் வேலைக்காரருக்கும் நன்றி. 25 மில்லிமீற்றர் குழாயின் வாய் கௌலிங்கின் முன்பக்கம், எக்சோஸ்ட்டுக்கு எட்டத்தில் அமைந்தது. றெசின் சூட்டில் இளகும். குழாயின் நுனி செட்டைகளின் நீளவாக்கில் ஊதுகிறது, குறுக்கே அல்ல. ஓடுபாதை முனையில் வால்காற்றோடு காத்திருக்கையில் குழாய்க்குள் காற்று ஏறாது. அப்போது தகட்டின் பரப்புத்தான் காப்பாற்றும், சுமையைக் குறைக்கத் தரையிறங்கும் விளக்கையும் அணைத்துவிட வேண்டும். எர்த் பெட்டியின் உடல் வழியே போவதால், எர்த் வயரின் முனையான லக் உட்காரும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி, பூட்டிய பின் கிறீஸ் தடவச் சொன்னீர்கள். உப்புக்காற்றுக்கு வெறும் அலுமினியம் தாக்குப்பிடிக்காது என்பது கடலோரத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ரொறொன்ரோவிலிருந்து வெப்ப ஒட்டிகளை அனுப்பிய அன்பர், பொதியைத் திறந்ததும் ஒன்றைப் பெட்டியில் ஒட்டினோம். 71, 77, 82, 88 என நான்கு வட்டங்கள். சூடு தொட்டது கறுக்கும், மீண்டும் வெளுக்காது. 77 கறுத்தால் குழாயைப் பார்க்கவேண்டும்; 82 கறுத்தால் பறப்பு இல்லை.

சோதனைக்குப் பயன்பட்ட பழைய பெட்டியும், ரெகுலேற்றரின் சூட்டுக்குப் பதிலாக அதற்குள் வைத்த 4.7 ஓம் தடையும் (12 வோல்ட்டில் 30 வாற்று தரும்) கொக்குவில் பட்டறையில் இருக்கின்றன. வேண்டியவர் எடுத்துப் பாவிக்கலாம். குழாயின் ஃபைபர் அச்சு குருநகரில்.

இப்படிக்கு,
இலகு விமானப் பராமரிப்புக் குழுவினர்
யாழ்ப்பாணம்